சீனியம்மாளின் இரும்புச் சக்களத்தி

சீனியம்மாள் தன் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தது ஊரடங்கு போட்ட முப்பத்தோராம் நாள், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். பெண், அவருடைய கட்டிலுக்கு எதிர்மூலையில் நின்றுகொண்டிருந்த ஆக்சிஜன் சிலிண்டர். ஆளுயரம், கறுத்த உடம்பு, தோளுக்கு மேலே மட்டும் வெள்ளை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கிற லயன் தெருவில் இன்றுவரை ஒருவரும் இதற்குச் சிரித்ததில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டதோடு சரி.

அவள் புருஷன் குருவையா அந்த மில்லில் இருபத்தெட்டு வருஷம் பஞ்சு உடைக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். லாரியில் வந்திறங்கும் பஞ்சுப் பேலைப் பிரித்து எந்திரத்தின் வாயில் போட, அது அடித்து உதறித் தூசியைக் கிளப்ப, அந்தத் தூசிக்குள்ளேயே நின்று தின்று, குடித்து, வெற்றிலை போட்டு, சங்கு ஊதியதும் புருவமும் மீசையும் வெளுத்துப்போய் வீட்டுக்கு வருவார்; புருவத்தில் இருந்ததைச் சீனியம்மாள் ஈரத்துண்டால் துடைத்துவிட்டாள், நெஞ்சுக்குள் போனதைத் துடைக்க வழி தெரியவில்லை. மில்லை மூடிய பிறகு ஒருநாள் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், "கீழ்ப்பாதி வேலை செய்யலை, மேல்பாதியை வச்சு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாலு வருஷமாக வீட்டு மூலையில் ஒரு சிலிண்டர் நின்றது. மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தோணி என்கிற ஆள் லோடு ஆட்டோவில் வந்து காலியானதை உருட்டிக்கொண்டு போய், நிறைந்ததை நிறுத்திவிட்டுப் போவான்.

குருவையாவின் இருமல் தெருவுக்கு வெகுநாள் பழக்கம். காலை ஐந்தரைக்கு அவர் இருமினால் எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி எழுந்து வாசல் தெளிப்பாள். புது நோய் வந்த பிறகு அதே இருமலுக்கு அதே பாண்டிச்செல்வி கதவைச் சாத்தினாள். அதில் சீனியம்மாளுக்கு வருத்தமில்லை. இந்த நோய் இந்த வீட்டுப் படி ஏறினால் மிச்சமிருக்கிற மேல்பாதியும் போய்விடும் என்று, தினமும் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வருகிற நர்சம்மா லூர்துமேரி தெளிவாகச் சொல்லியிருந்தாள். தெரு எட்டி நிற்பதே நல்லது என்று சீனியம்மாள் நினைத்தாள்.

அவளுக்கு இந்த உலகத்தில் ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புருஷனுக்கு முன்னால் போய்விட வேண்டும். அவளுடைய சித்தி ஒருத்தி அப்படிப் போனதைப் பத்தொன்பது வயதில் பார்த்தாள். மஞ்சள் நீர் ஊற்றி, சிவப்புச் சேலை சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, கழுத்து தெரியாமல் மல்லிகைப்பூ போட்டு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த மஞ்சளில் ஒரு துளி எடுத்துத் தங்கள் தாலியில் தடவிக்கொண்டதைப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் சித்தியை யாரும் ஒரு வார்த்தை நல்லபடியாகக் கூப்பிட்டதில்லை. செத்த அன்றைக்கு மகாராணி. அன்றைக்கே சீனியம்மாள் முடிவு செய்துவிட்டாள், எனக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று. ஆனால் கடவுள் அவளுக்குக் கொடுத்தது கருங்கல் மாதிரி உடம்பு, கொடுத்த புருஷனுக்கோ பாதி நெஞ்சு. ஆகவே அவருடைய ஒவ்வொரு மூச்சையும் அவள் தன் நெற்றிப் பொட்டைக் காப்பாற்றுவது போல் காப்பாற்றிவந்தாள். இது பாசமா சுயநலமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, இரண்டையும் முப்பத்தொரு வருஷமாக ஒரே திரியாகத் திரித்துவிட்டாள்.

ஊரடங்கில் அவருக்கு மூச்சு மோசமானது. குழாய் மூக்கில் இருக்கும்போதே இழுத்தது. பயந்துபோய் ஜோசியர் பரமனுக்குப் போன் போட்டாள். ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், "இது சீக்கில்லம்மா, இருதார தோஷம். இவருக்கு ரெண்டு தாலி கட்டுற அமைப்பு இருக்கு, கட்டாம விட்டதுதான் நெஞ்சை அடைக்குது. ஒரு வாழை மரத்துக்குத் தாலி கட்டச் சொல்லி, கட்டின கையோட மரத்தை வெட்டிச் சாச்சிருங்க. ரெண்டாவது சம்சாரம் போயிட்டாள்னு கணக்கு முடிஞ்சிரும்" என்றார்.

அது கரிசல் பூமி. வாழை மரம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், பஸ் ஓடி ஒரு மாதமாயிற்று. கோயில் வாசலில் யாரோ கட்டிய பழைய வாழை காய்ந்து சருகாகிவிட்டது. வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்து நல்ல நாள் பதினெட்டு நாள் கழித்துத்தான். அதுவரை அவர் தாங்குவாரா? சீனியம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நிமிர்ந்து நிற்பது, கழுத்துள்ளது, அவருக்கு ஆகிவருவது, அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக் குழாயோடு கட்டிலிலிருந்து இறங்கி, மூன்று முடிச்சும் போட்டு, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி உட்கார்ந்து எழுந்து, தாலி கட்டினார். சீனியம்மாள் அரிசி போட்டாள். நாதஸ்வரத்துக்குப் பதிலாக எதிர்வீட்டில் குக்கர் விசிலடித்தது.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாழையென்றால் ஒரே வீச்சில் சாய்த்துவிடலாம், இரும்பை எதை வைத்து வெட்டுவது? சரி, தாலியை அறுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். மரத்தை வெட்டுவது வேறு. புருஷன் கண்ணெதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி கழுத்துத் தாலியை அறுப்பதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வியும் அதையேதான் கேட்டாள்: "மதினி, கத்தரிய கீழ போடுங்க. அண்ணன் உக்காந்திருக்கையில யாராவது தாலியில கை வைப்பாகளா?" திரும்பிப் பார்த்தால் குருவையா சுவரில் சாய்ந்து, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, இழுப்பில்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். சீனியம்மாள் கத்தரிக்கோலைத் தையல் டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

மூன்றாம் நாள் அந்தோணி வந்து பார்த்தால் சிலிண்டரில் காற்றின் அளவு காட்டுகிற முள் போட்ட இடத்திலேயே நின்றது. ஸ்பானரால் தட்டிப் பார்த்தான், நிறைந்த சத்தம். மூடி திறந்து பார்த்தான், காற்று சீறியது. கழுத்தில் தாலியைப் பார்த்தான். "கல்யாணம் ஆயிருச்சாம்மா" என்றான். "ஆமா" என்றாள் சீனியம்மாள். அவன் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டான். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை போனில் மட்டும் கேட்பான், "சின்னம்மா நல்லாருக்காகளா?"

சின்னம்மா நன்றாகத்தான் இருந்தாள். கல்யாணமான அடுத்த வாரமே எதிர்மூலையிலிருந்து கட்டில் தலைமாட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வந்த தடம் சிமெண்டுத் தரையில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறியிருந்தது. சீனியம்மாள் மூச்சைப் பிடித்து உருட்டி மறுபடியும் மூலையில் கொண்டுபோய் வைப்பாள். உலை கொதித்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் தலைமாட்டில் நிற்பாள். கத்திரி வெயிலில் அவளுடைய வெள்ளைத் தோளில் மட்டும் குளிர்ந்த வேர்வை முத்து முத்தாக நிற்கும், குருவையா அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்குவார். முப்பத்தொரு வருஷம் பனையோலை விசிறியை வீசி வீசித் தோள்பட்டை இறங்கிப்போனவள், அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிடலாம்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது பேச்சு. சிலிண்டரிலிருந்து வரும் காற்று ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் புகுந்துதான் குழாய்க்குப் போகும். நாலு வருஷமாகக் களகளவென்று சும்மா கொதித்துக்கொண்டிருந்த அந்தக் குப்பி கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தது. என்ன பேசுகிறாள் என்று சீனியம்மாளுக்குப் புரியாது. குருவையாவுக்குப் புரிந்தது. "ஆங்" என்பார், "சரி தங்கம்" என்பார். சீனியம்மாளை இத்தனை வருஷத்தில் அவர் கூப்பிட்டதெல்லாம் "ஏ, இந்தா" தான். ஒரு மத்தியானம் அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நெஞ்சு அடைக்கும் என்று நாலு வருஷமாகச் சிரிப்பையே விட்டிருந்த மனிதர், அவள் என்னமோ சொல்ல, பல் தெரியச் சிரித்தார், இருமல் வரவில்லை. சீனியம்மாள் கையிலிருந்த ரசச் சட்டியை அடுப்பிலேயே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். துவைக்கத் துணி எதுவும் இல்லை.

தெரு அதற்குள் சின்னவளைத் தத்தெடுத்துவிட்டது. பேச ஆள் இல்லாமல், போக இடம் இல்லாமல், சாத்திய கதவுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஆறடி தள்ளி நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி வளையல் கொண்டுவந்தார்கள். கை இல்லாததால் நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சின்ன மதினிக்கு என்று ஒரு முழம் பூ வந்தது, மூத்தவளுக்கு என்று அரை முழம்கூட வரவில்லை. கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள் என்றார்கள், அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்றார்கள். லூர்துமேரி நோட்டோடு வந்து "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டபோது கட்டிலிலிருந்து குருவையா "மூணு" என்று குரல் கொடுத்தார். லூர்துமேரி காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை மூன்று பேருக்கும் நேராக நீட்டினாள். மூன்றாமவருக்கு உடம்பு குளிர்ந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் தவமணி போனில், "அம்மா, சித்தி என்ன செய்றாக?" என்று கேட்டாள். சீனியம்மாள் போனை வைத்துவிட்டாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. பெண்களெல்லாம் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற நாள். சின்னவளுக்கு மாற்றிக்கட்ட வேண்டியது மூத்தவள் பொறுப்பு என்று தெரு சொன்னது. சீனியம்மாள் கட்டினாள், முடிச்சை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கிக் கட்டினாள். இரும்புக் கழுத்து, ஒன்றும் ஆகவில்லை. அவள் விரல்தான் வீங்கியது.

ஐப்பசியில் ஒருநாள் அவள் செய்ததை யாரும் பார்க்கவில்லை. கிழமை பாராமல் தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி, கட்டிலுக்கு முன்னால் மூன்று தடவை நடந்தாள். அவர் குப்பியைப் பார்த்து "ஆங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காபி கொடுக்கப் போகிற மாதிரி தலைமாட்டுக்குப் போன சீனியம்மாள் சிலிண்டரின் கழுத்துத் திருகைக் கால் சுற்று மூடினாள். குப்பியில் பேச்சு தடுமாறியது. அவர் உதடு நீலமானது, கை காற்றில் எதையோ தேடியது. தேடிய கை பிடித்தது சீனியம்மாளின் சேலை முந்தானையை. அவள் பதறிப்போய்த் திருகைத் திறந்துவிட்டாள். அவருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான், அவள் களகளவென்று விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாளே தவிர ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் சீனியம்மாள் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறு வருஷம் சித்திரையில் நோய் இரண்டாவது தடவை வந்தபோது தெருவுக்கு உள்ளேயே வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, காற்று இல்லை, அந்தோணியின் ஆட்டோவுக்கு முன்னால் ஜனங்கள் காலிச் சிலிண்டரை வைத்துக்கொண்டு பகலெல்லாம் நின்றார்கள். பாண்டிச்செல்வியின் புருஷன் வீரபுத்திரன், லாரி ஓட்டுகிறவன், மாடு மாதிரி உடம்பு, மூச்சுக்குத் தவித்தபோது அவனைத் தூக்கிவந்து குருவையா வீட்டில் படுக்கவைத்தார்கள். குருவையா தன் மூக்கிலிருந்து குழாயை எடுத்து அவன் மூக்கில் வைத்தார். குப்பி அடங்கிவிட்டது. ஒரு குமிழி வரவில்லை. அவன் மூக்கிலிருந்து எடுத்து இவர் மூக்கில் வைத்தால் வந்தது. திரும்ப அவனுக்கு வைத்தால் நின்றது. இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பாண்டிச்செல்வி, "விட்ருங்கண்ணே, அடுத்தவ புருஷனுக்கு அவ எப்படித் தருவா" என்று சொல்லிவிட்டு அவனை வேனில் ஏற்றினாள். குற்றமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

வீரபுத்திரன் நாலாம் நாள் போய்விட்டான். முகத்தைக் காட்டவில்லை. பையில் சுற்றி, யாரோ முன்பின் தெரியாதவர்கள், ஊருக்கு வெளியே வேனிலிருந்தே இறக்கி எரித்துவிட்டார்கள். பாண்டிச்செல்வியின் வாசலில் தகரம் அடித்திருந்ததால் கட்டிக்கொண்டு அழ ஒருவரும் போக முடியவில்லை. பொட்டை அழிக்கவும் வளையலை உடைக்கவும் ஆள் இல்லாமல் அவளே கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றியதைச் சீனியம்மாள் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, தலைமாட்டில் நின்றவளை முதல் தடவையாகக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள். தன் நெற்றியில் பொட்டு இருப்பது இவளால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிவதனால் பொறாமை குறைந்துவிடுமா? கூடத்தான் செய்தது.

வைகாசி பிறந்து ஐந்தாம் நாள் சீனியம்மாளுக்குக் காய்ச்சல். குருவையாவுக்கு ஒன்றும் இல்லை, சின்னவள் அவர் மூச்சுக்குக் காவல் இருந்தாள். கருங்கல் உடம்பு நாலே நாளில் நொறுங்கியது. லூர்துமேரி விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் எண்பத்தொன்று என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குக் காலையில்தான் வேன் வரும் என்றாள். தரையில் பாயில் கிடந்த சீனியம்மாளுக்கு மூச்சு முட்டியது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். போகப்போகிறோம், அவருக்கு முன்னால் போகப்போகிறோம், பூவோடும் பொட்டோடும். இந்த இரும்பி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாள், இதைப் பிடுங்க முடியாது.

"நர்சம்மா," என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி, "நான் போயிட்டா... மஞ்சத்தண்ணி ஊத்துவாகளா?"

லூர்துமேரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஊத்தமாட்டாகம்மா. பையில வச்சு ஜிப்பை இழுத்துருவாக."

"பூவு?"

"பையிக்கு மேலகூட வைக்க விடமாட்டாக."

"அவரு..."

"பார்க்க விடமாட்டாகம்மா. யாரையுமே விடமாட்டாக."

சீனியம்மாள் அதன்பிறகுதான் பயந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்த ஒரு நாள், ஜிப்பு வைத்த பைக்குள் போய்விடும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. குருவையா கட்டிலிலிருந்து இறங்கினார். உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்து, தன் மூக்கிலிருந்த குழாயை எடுத்து அவள் மூக்கில் வைக்கப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ மூச்சு எனக்கு வேணாம்."

"ஏ, இந்தா. பிடிவாதம் பிடிக்காத."

"வச்சாலும் தரமாட்டா. நான் அவளுக்கு என்ன உறவு? ஐப்பசியில அவ கழுத்தைத் திருகினவ நான்."

குருவையா அதைக் கேட்டுக்கொண்டார். குழாயை அவள் மூக்கில் வைத்துக் காதுக்குப் பின்னால் மாட்டினார். குப்பி அசையாமல் இருந்தது. அவர் திரும்பி, குழாய் இல்லாத வெறும் மூச்சில், சின்னவளைப் பார்த்துச் சொன்னார்: "தங்கம், இவதான் மூத்தவ. இவ போட்ட அரிசியிலதான் நீ இந்த வீட்டுக்கு வந்த. எனக்குக் குடுக்கறதா இருந்தா இவளுக்கும் குடு. இல்லேன்னா எனக்கும் வேணாம்."

சொல்லிவிட்டு அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு ஒரு குமிழி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சீனியம்மாளின் மூக்குக்குள் குளிர்ந்த காற்று இறங்கி, நெஞ்சின் அடிவரைக்கும் போய், அங்கே இருட்டில் கிடந்த எதையோ தொட்டது. இவ்வளவு சுகத்தையா இந்த மனிதர் ஒரு வருஷமாகத் தனியாக அனுபவித்தார் என்று, அந்த நிலையிலும் அவளுக்கு வயிறெரிந்தது. அப்போதுதான் குப்பியின் பேச்சு அவளுக்குப் புரிந்தது. ஒரு வருஷமாக என்ன ரகசியம், என்ன கொஞ்சல், என்ன மயக்கு வார்த்தை என்று அவள் தலையை உடைத்துக்கொண்ட அந்தப் பேச்சில் இரண்டே வார்த்தைதான் இருந்தது. இழுங்க, என்றாள் சின்னவள். விடுங்க, என்றாள். இழுங்க. விடுங்க.

ஆனால் சிலிண்டரின் முள் இறங்க ஆரம்பித்தது. ஒரு வருஷமாக அசையாத முள் காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு என்று இறங்கியது. ஒருவருக்கென்றால் காலத்துக்கும் வந்திருக்குமோ என்னவோ, இரண்டு பேருக்குப் பங்கு போட்டபோது அவள் மற்ற சிலிண்டர் மாதிரி ஆகிவிட்டாள். வேன் மறுநாள் காலையில் வந்தபோது சீனியம்மாளின் விரலில் எண்பத்தெட்டு இருந்தது. இருக்கட்டும், கட்டிலை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று லூர்துமேரியே திருப்பி அனுப்பிவிட்டாள். ஐந்து நாள் ஒரு குழாயை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அவர் வைத்திருக்கும்போது அவள் சுவரில் சாய்ந்து தவித்தாள், அவள் வைத்திருக்கும்போது அவர் உதடு வெளுத்துக் காத்திருந்தார். யாரும் நேரம் பார்க்கவில்லை, எதிராளி முகத்தைப் பார்த்துத்தான் கழற்றினார்கள். நடுவில் சின்னவள் இரண்டு பேருக்கும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள், நாளுக்கு நாள் மெதுவாக.

ஆறாம் நாள் காலை லூர்துமேரி சீனியம்மாளின் விரலைப் பார்த்து "தொண்ணூத்தி நாலு" என்று சொன்னபோது குப்பி அடங்கியிருந்தது. முள் அடியில் படுத்துவிட்டது. வெள்ளைத் தோளில் வேர்வை காய்ந்திருந்தது. அந்தோணி எங்கெங்கோ நின்று வாங்கிவந்த சாதாரணச் சிலிண்டர் ஒன்றைக் குருவையாவுக்கு மாட்டிவிட்டு, பழையதை ஸ்பானரால் தட்டினான். மணி மாதிரி வெறும் சத்தம் வந்தது. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"சின்னம்மா போயிட்டாகம்மா."

ஜன்னலில் நின்ற பெண்களில் ஒருத்தி அதைத் தெருவுக்குச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? "சின்ன மதினி போயிட்டா. மவராசி, சுமங்கலியாப் போயிட்டா."

சித்திரையிலிருந்து அந்தத் தெருவில் எத்தனையோ சாவு விழுந்திருந்தது, ஒன்றுக்கும் ஒழுங்காக ஒப்பாரி வைக்க விடவில்லை, ஒரு உடம்பையும் தொட விடவில்லை, குளிப்பாட்டவும் கோடி போடவும் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. கைக்குள்ளும் தொண்டைக்குள்ளும் தேங்கிக் கிடந்த அத்தனையும் அன்றைக்கு உடைத்துக்கொண்டது. இது தொற்றாத சாவு, இதைத் தொடலாம் என்று லூர்துமேரியும் சொல்லிவிட்டாள். சின்னவளை வாசலில் கிழக்குப் பார்த்து நிறுத்தினார்கள். குடம் குடமாக மஞ்சள் நீர் ஊற்றினார்கள். கொழுந்தியாக்கள் என்றும் நாத்தனார் என்றும் உறவு சொல்லிக்கொண்டு மாரடித்து அழுதார்கள், தங்கள் வீட்டில் போனவர்கள் பேரையெல்லாம் நடுவில் சேர்த்துச் சேர்த்து அழுதார்கள். பாண்டிச்செல்வி தன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். புருஷனை இழந்தவள் சுமங்கலி காரியத்துக்கு வரக்கூடாது. நின்றவள் சட்டென்று உள்ளே போய்த் தன் கல்யாணச் சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள், அவளை அன்றைக்கு ஒருவரும் வழி மறிக்கவில்லை. அந்தச் சேலையைத்தான் சுற்றினார்கள். எங்கிருந்துதான் அவ்வளவு மல்லிகை வந்ததோ, கழுத்து தெரியாமல் போட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த மஞ்சளில் ஒரு துளி எடுத்துத் தங்கள் தாலியில் தடவிக்கொண்டார்கள்.

குருவையா நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். அழவும் மூச்சு வேண்டுமே, பாதி அழுகையிலேயே இருமல் வந்தது. சீனியம்மாள் அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சிலிண்டரின் குப்பி உள்ளே சும்மா கொதித்துக்கொண்டிருந்தது. அதன் முள் அப்போதே ஒரு கோடு இறங்கியிருந்தது. இனி இவருக்கு மூன்று மூன்று நாளாகத்தான் ஆயுள், தனக்கோ உடம்பு தேறிவிட்டது, நர்சம்மா சொல்லிவிட்டாள், இன்னும் இருபது வருஷத்துக்குக் குறைவில்லை.

"இதை நிரப்பிக் கொண்டாந்தா திரும்ப வருவாளா?" என்று அந்தோணியைக் கேட்டாள்.

"வருவாகம்மா. ஆனா அது வேற ஆளா இருக்கும்."

ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்னால் மூத்தவள்தான் குங்குமம் வைக்க வேண்டும் என்று பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சீனியம்மாள் கால் தள்ளாடியபடி போனாள். பூவை ஒதுக்கி, நெற்றி என்று ஒன்று இல்லாததால் அந்த வெள்ளைத் தோளில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் குனிந்து கழுத்துத் திருகுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"அவரை எடுத்த, சரி. அவரு சிரிப்பை எடுத்த, சரி. எனக்கு உசுரைக் குடுத்து என் வாயை அடைச்ச, அதுவும் சரி. இதை மட்டுமாவது எனக்கு விட்டு வச்சிருக்கக் கூடாதாடி?" என்றாள். "இது எனக்குன்னு நான் வச்சிருந்த சாவு."

அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்த பெண்கள், அக்காள் தங்கச்சிக்கு விடை கொடுக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதார்கள்.